தொட்டிலும் திரைச்சீலையும்

சரித்திரப் புத்தகங்களில் குழந்தைகள் அழுவதே இல்லை. ஒரு பக்கத்தில் இளவரசன் பிறக்கிறான். பக்கத்தைப் புரட்டினால் பட்டத்துக்கு வந்துவிடுகிறான். நடுவில் அவன் வயிறு உப்பி, முகம் சிவந்து, கை முஷ்டியை இறுக்கிக்கொண்டு, விளக்கு வைக்கிற வேளையில் தொடங்கி ஊர் அடங்கும் வரையில் அலறிய நாட்களை எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை. அரண்மனைத் தூண்களையும் விதானங்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தவர்களும், ஒற்றை அறையில் குடித்தனம் நடத்திய ஒருத்தி அந்த அறையை எப்படி லட்சணமாக வைத்துக்கொண்டாள் என்று எழுதி வைக்கவில்லை.

பிள்ளையின் அழுகையை அமர்த்துவதும் சின்ன வீட்டைச் சிங்காரிப்பதும் பெண்டுகள் காரியம் என்று ஒதுக்கப்பட்டவை. ஆனால் இரண்டுக்கும் சரித்திரம் உண்டு. கதை எழுதுகிறவளுக்குப் பெரிய யுத்தங்களைவிட இந்த மாதிரிச் சில்லறை விஷயங்களில்தான் மனம் போகிறது. ஓய்ந்த நேரங்களில் இவற்றைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, தொட்டிலும் திரைச்சீலையும் ஒரே நூலில் கோத்த இரண்டு மணிகளாகத் தெரிந்தன. கோத்த நூல் அவ்வளவு சுத்தமான நூல் அல்ல. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த அழுகை எது என்று சொல்லிவிடுகிறேன். பசித்து அழுகிற பிள்ளைக்குப் பால் கொடுத்தால் அழுகை நிற்கும். ஈரத்தில் கிடந்து அழுகிற பிள்ளைக்குத் துணி மாற்றினால் நிற்கும். இது எதற்கும் நிற்காத ஓர் அழுகை. பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும். பெரும்பாலும் அந்தி நேரத்தில்தான் வரும். பிள்ளை காலை வயிற்றோடு மடக்கும், முதுகை வில்லாக வளைக்கும், தோளில் போட்டாலும் அழும், கீழே விட்டாலும் அழும். நம் வீட்டுப் பாட்டிமார் உப்புசம் என்பார்கள், மாந்தம் என்பார்கள், கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார்கள். இங்கிலீஷ் வைத்தியத்தில் இதற்குக் 'கோலிக்' என்று பெயர்.

1954-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை வைத்தியரான மோரிஸ் வெஸ்ஸல் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். நல்ல ஊட்டத்தோடு, வேறு நோய் எதுவும் இல்லாமல் இருக்கிற குழந்தை நாள் ஒன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாட்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேலும் அழுமானால் அது இந்த வகை. 1962-இல் பிரேசல்டன் என்ற இன்னொரு வைத்தியர் 80 குழந்தைகளின் தாய்மார்களைத் தினமும் அழுகை நேரத்தைக் குறித்து வைக்கச் சொன்னார். சாதாரணக் குழந்தைகளே ஆறாவது வாரத்தில் நாளைக்கு ஏறக்குறைய 2¾ மணி நேரம் அழுகின்றன என்று தெரிந்தது. அதுதான் உச்சி. அதற்கு அப்புறம் அழுகை இறங்குமுகம்.

எதனால் இப்படி என்பதற்கு ஒரே காரணத்தை இன்றுவரை எவரும் நிலைநாட்டவில்லை. வயிற்றில் காற்று என்றார்கள், பால் சேரவில்லை என்றார்கள், புது உலகத்தின் வெளிச்சமும் சப்தமும் தாங்கவில்லை என்றார்கள். ஒன்று மட்டும் நிச்சயம்: மூன்றாவது மாதத்திலோ நான்காவது மாதத்திலோ இது தானாக நின்றுவிடும். காய்ச்சல், வாந்தி, பால் குடிக்காமல் துவளுதல் முதலியவை கூட வந்தால் அது வேறு விஷயம். உடனே வைத்தியரிடம் போக வேண்டும். வெறும் அழுகைக்கு மருந்து காலம்தான்.

தானாக நிற்கிறது என்ற இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தானாக நிற்கிற நோய்க்கு யார் எதைக் கொடுத்தாலும் பெயர் வாங்கலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். எத்தனையோ காக்கைகள் இந்தப் பனைமரத்தில் உட்கார்ந்து பணக்காரர்களாகிப் பறந்து போயிருக்கின்றன.

இனி வீட்டு அலங்காரத்துக்கு வருகிறேன். 1869-இல் அமெரிக்காவில் ஒரு தடித்த புத்தகம் வெளிவந்தது. 'அமெரிக்கப் பெண்ணின் இல்லம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர்கள் சகோதரிகள் இருவர். மூத்தவர் கேதரின் பீச்சர். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர். இளையவர் ஹாரியட் பீச்சர் ஸ்டோ. 'டாம் மாமாவின் குடிசை'யை எழுதிய அதே அம்மாள்தான்.

அக்காளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நிச்சயமான மாப்பிள்ளை 1822-இல் கப்பல் உடைந்து கடலோடு போய்விட்டார். தங்கைக்கு ஏழு பிள்ளைகள். கணவர் கிறிஸ்தவ மதக் கல்லூரியில் ஆசிரியர். படிப்பு ஏராளம், வரும்படி சொற்பம். குடும்பச் செலவை ஈடுகட்டத்தான் ஹாரியட் பத்திரிகைகளுக்குக் கதை எழுதினார். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பேனாவுமாக எழுதியவர்களின் கஷ்டம் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் அந்த அம்மாளிடம் எனக்குத் தனி மரியாதை. 1849-இல் சின்சினாட்டி நகரத்தில் காலரா பரவியபோது ஒன்றரை வயதுப் பிள்ளை சார்லியை அவர் பறிகொடுத்தார். அடிமைச் சந்தையில் பிள்ளையைப் பிரிகிற ஒரு தாயின் மனம் அவன் படுக்கையருகில் இருந்தபோதுதான் தமக்குத் தெரிந்தது என்று பின்னால் எழுதினார்.

இந்த இருவரும் எழுதிய புத்தகத்தில் அடுப்பு, காற்றோட்டம், சமையல், தோட்டம் எல்லாம் உண்டு. கைக்குழந்தை வளர்ப்புக்கு ஓர் அத்தியாயம் உண்டு. வீட்டு அலங்காரத்துக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. காசு இல்லாதவர்கள் வீட்டை அழகு செய்வது எப்படி என்பதுதான் அந்த அத்தியாயத்தின் சாரம். பரணில் கிடக்கும் முறிந்த நாற்காலியை இறக்கு. இரண்டு ஆணி அடி. பஞ்சை வைத்துச் சீட்டித் துணியால் மூடு. அதுவே சாய்வு நாற்காலி. மலிவான வெள்ளை மஸ்லினில் ஜன்னலுக்குத் திரை தைத்துவிடு. படச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு தண்ணீர்ப் புட்டியை மறைத்து வைத்து அதில் கொடித் துண்டைச் செருகினால் கொடி படத்தைச் சுற்றிப் படரும். இடம் போதாத வீட்டுக்கு அவர்கள் சொன்ன யோசனை இன்னும் சாமர்த்தியமானது. சக்கரம் வைத்த ஒரு பெரிய மரத் தட்டியைச் செய்து அறை நடுவில் நிறுத்திக்கொள். ஒரு பக்கம் அலமாரி, மறு பக்கம் படங்கள். தட்டியைத் தள்ளினால் பகலில் ஒரே கூடம், இரவில் இரண்டு அறை. சென்னையில் ஒண்டுக் குடித்தனத்தில் புடவையைக் கயிற்றில் தொங்கவிட்டு அறையைப் பிரித்துக்கொண்டவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

சுவருக்கு என்ன செய்வது? எண்ணெய் வர்ண ஓவியம் வாங்க யாரால் முடியும்? அதற்கும் வழி பிறந்திருந்தது. கல்லச்சில் பல வர்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி அச்சிடும் முறை அப்போது பரவிக்கொண்டிருந்தது. பாஸ்டன் நகரத்தில் லூயி பிராங் என்பவர் நல்ல ஓவியங்களை இப்படி அச்சிட்டுச் சில டாலருக்கு விற்றார். சகோதரிகள் இருவரும் அந்த அச்சுப் படங்களைத் தங்கள் புத்தகத்தில் மனமாரச் சிபாரிசு செய்தார்கள். ஏழை வீட்டுச் சுவருக்கும் ஒரு மலையும் ஒரு சூரியாஸ்தமனமும் வந்து சேர்ந்தன.

நல்லதுதான். ஆனால் அச்சு இயந்திரம் மலையையும் சூரியனையும் மட்டும் அச்சிடவில்லை. சில டாலருக்குக் கிடைத்த படம், சில வருஷங்களில் இனாமாகவே கிடைக்க ஆரம்பித்தது. சோப்புக்காரனும் நூல் கண்டுக்காரனும் மருந்துக்காரனும் தங்கள் பெயரைப் பின்பக்கம் போட்டு வர்ணச் சீட்டுகளையும் நாட்காட்டிகளையும் வாரி வழங்கினார்கள். பெண்கள் அவற்றைச் சேர்த்துப் புத்தகத்தில் ஒட்டினார்கள், கணப்புக்கு மேல் சாத்தி வைத்தார்கள், சுவரில் மாட்டினார்கள். அவற்றில் ஓர் இனம் வீட்டுக்கு வீடு இருந்தது: மெத்தென்ற கட்டிலில் ஓர் இளம் தாய், அவளைச் சுற்றிக் கொழுகொழுவென்று பிள்ளைகள், முகத்தில் ஒரு சிடுசிடுப்புக் கிடையாது. பின்பக்கத்தைத் திருப்பினால் 'வின்ஸ்லோ அம்மாளின் ஆறுதல் சர்பத்து' என்று இருக்கும்.

வின்ஸ்லோ அம்மாள் என்பவர் தாதித் தொழில் செய்தவர். அவருடைய மருமகன் ஜெரமையா கர்ட்டிஸ், பெர்கின்ஸ் என்ற கூட்டாளியோடு சேர்ந்து மாமியாருடைய மருந்தைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். இடம் மெய்ன் மாகாணத்துப் பாங்கர் பட்டணம். வருஷம் 1849. ஹாரியட் தம் பிள்ளையைப் பறிகொடுத்த அதே வருஷம். பல் முளைக்கும் வலிக்கும் வயிற்று நோவுக்கும் கைகண்ட மருந்து என்று விளம்பரம். தேன் போன்ற அந்தச் சர்பத்தில் இருந்தது மார்பியா. அபினிலிருந்து பிரித்தெடுத்த சத்து. ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் பிள்ளை அடங்கிவிடும். எப்படி அடங்காமல் இருக்கும்?

இந்த மருந்தின் பெயர் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. பின்னாளில் இங்கிலாந்தின் மகா சங்கீத வித்துவான் என்று பெயர் வாங்கிய எட்வர்ட் எல்கார், 1878-இல், 21 வயதுப் பிள்ளையாண்டானாக இருந்தபோது, சிநேகிதர்களோடு ஊதி மகிழ்வதற்காக ஒரு மெதுவான சங்கீதத் துண்டு எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் இந்தச் சர்பத்தின் பெயர்! அவருக்கு அது தமாஷ். தொட்டில்களில் அது தமாஷாக இல்லை.

திரைச்சீலையின் கதைக்கு அட்லாண்டிக் கடலைத் தாண்டி அந்த இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டும். கொஞ்சம் வசதி வந்த வீடுகளில் மஸ்லினுக்குப் பதிலாக ஜன்னலில் தொங்கியது லேஸ் திரை. பாதிரி வீடு, குமாஸ்தா வீடு, கடைக்காரர் வீடு எல்லாவற்றிலும் அது கௌரவத்தின் கொடி மாதிரி. உள்ளே வெளிச்சம் வரும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு உள்ளே இருக்கிற தரித்திரம் தெரியாது. அந்த லேஸ் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நாட்டிங்ஹாம் என்ற பட்டணத்திலிருந்து. 1809 வாக்கில் ஹீத்கோட் என்பவர் வலை பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். 1846-இல் லிவ்ஸி என்பவர் திரைச்சீலை பின்னும் இயந்திரத்தையே செய்துவிட்டார். அமெரிக்க வீடுகளுக்கும் இந்தச் சரக்குக் கப்பல் ஏறியது.

இயந்திரம் வலையைப் பின்னியது. ஆனால் எல்லா வேலையையும் அது செய்துவிடவில்லை. வெறும் வலையில் ஊசியால் பூவும் கொடியும் ஓட்டுவது, இழை உருவுவது, ஓரம் கத்தரிப்பது எல்லாம் வீடுகளில் இருந்த பெண்களின் கைவேலை. முகத்திரைக்கும் சால்வைக்கும் பூ ஓட்டிய அந்தப் பெண்களை 'லேஸ் ஓட்டுகிறவர்கள்' என்றே அழைத்தார்கள். சட்டத்தில் வலையை இழுத்துக் கட்டி, அதன்மேல் குனிந்து, விடியலிலிருந்து இரவு வரை ஊசி போடவேண்டும். கூலி மிக அற்பம். கண் சீக்கிரம் மங்கிவிடும். இப்படி உட்கார்ந்திருக்கிறவள் வீட்டில், ஆறு வாரத்துப் பிள்ளை சாயங்காலம் மூன்று மணி நேரம் அழுதால் என்ன செய்வாள்? எடுத்தால் ஊசி நிற்கும். ஊசி நின்றால் ரொட்டி இல்லை.

அதற்கும் கடையில் புட்டி இருந்தது. அதற்குப் பெயர் 'காட்ஃப்ரி கார்டியல்'. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் காட்ஃப்ரி என்பவர் பெயரில் புறப்பட்ட மருந்து. சர்க்கரைப் பாகும் அபினும் கொஞ்சம் வாசனைச் சரக்கும் கலந்தது. அவரவர் தெருவிலிருந்த மருந்துக்காரர் அவரவர் கைப்பக்குவத்தில் காய்ச்சி விற்றார். ஒருவர் சரக்கில் இருந்த அபின் அளவு இன்னொருவர் சரக்கில் இராது. போதாக்குறைக்கு அபின் புட்டியின் அடியில் தங்கும். மேலே இருந்த கரண்டிக்குத் தூங்கிய பிள்ளை, அடியில் இருந்த கரண்டிக்கு எழுந்திருக்காமல் போகலாம்.

இங்கிலாந்தில் சிறுவர் வேலை நிலையை விசாரித்த அரசாங்கக் கமிஷன் 1843-இல் கொடுத்த அறிக்கையில் நாட்டிங்ஹாம் லேஸ் பெண்களின் இந்தப் பழக்கம் பதிவாகியிருக்கிறது. 1845-இல் எங்கெல்ஸ் தொழிலாளர் நிலையைப் பற்றி எழுதிய புத்தகத்திலும் காட்ஃப்ரி மருந்தின் பெயர் வருகிறது. அபின் கொடுத்த பிள்ளைகள் எல்லாம் ஒரே இரவில் செத்துவிடவில்லை. அபின் தூக்கத்தைத் தரும். கூடவே பசியை அடக்கும், மூச்சைத் தாழ்த்தும். பிள்ளை பால் கேட்காது. கேட்காத பிள்ளைக்கு வேலை மும்முரத்தில் யார் கொடுப்பார்கள்? தூங்கித் தூங்கி இளைத்து, கிழவன் முகம் வந்து, ஒரு நாள் போய்விடும். சாவுக் கணக்கில் 'பலவீனம்' என்று எழுதுவார்கள். புட்டியின் பெயர் அந்தக் கணக்கில் ஏறாது.

இங்கேதான் என் இரண்டு மணிகளும் ஒரே நூலில் வந்து சேருகின்றன. ஒரு வீட்டு ஜன்னலின் அழகு, இன்னொரு வீட்டுத் தொட்டிலின் மௌனத்தை விலையாகக் கொடுத்து வாங்கப்பட்டது. வாங்கியவளுக்கு அது தெரியாது. அவள் வீட்டிலும் ஒரு பிள்ளை அழுதிருக்கும். அவளுக்கு வேறு நெருக்கடி. திரையும் படமும் நாற்காலியுமாக வீட்டை ஒழுங்காக வைத்துக்கொண்டவளுக்கு, அழுகிற பிள்ளை அந்த ஒழுங்கின் நடுவில் விழுந்த ஓட்டை மாதிரித் தோன்றியிருக்கும். சுவரில் இருந்த படத்துத் தாயின் பிள்ளை அழுவதே இல்லையே! படத்தைக் கொடுத்தவனே புட்டியையும் வைத்திருந்தான். முதலில் வெட்கத்தை இனாமாகக் கொடுத்தான். பிறகு அதற்கு மருந்தை விற்றான்.

அந்தத் தாய்மார்களை ஈரமில்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. என் மூத்த பிள்ளை பிறந்தபோது நாங்கள் நான்கு குடித்தனம் சேர்ந்திருந்த வீட்டில் ஒரு பகுதியில் இருந்தோம். அறைக்கும் அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஆறாவது வாரத்தில் பிள்ளை அழுதபோது, அடுத்த பகுதியில் பரீட்சைக்குப் படிக்கிற பையன் இருந்தபடியால், சுவரை யாரோ மெல்லத் தட்டுவார்கள். மெல்லத்தான். மரியாதைப்பட்ட மனிதர்கள். ஆனால் அந்தத் தட்டலைக் கேட்கும்போது, பிள்ளையின் வலியைவிட அந்தச் சுவர்தான் என் மனசில் பெரிதாக நிற்கும். அப்போது கைக்கெட்டிய இடத்தில் ஒரு கரண்டி நிசப்தம் கடையில் விற்றிருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று விசாரிக்க எனக்கு நிதானம் இருந்திருக்குமா என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். சின்ன வீட்டில் அழுகைக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. அதனால்தான் புட்டி எப்போதும் சின்ன வீட்டையே தேடி வருகிறது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. இங்கிலாந்தில் 1868-இல் மருந்துக் கடைச் சட்டம் அபின் விற்பனையைக் கட்டுப்படுத்தியது. ஆனால் காப்புரிமை மருந்துகளுக்கு விலக்கு வைத்துவிட்டது. அமெரிக்காவில் 1906-ஆம் ஆண்டுச் சட்டம், மார்பியா இருந்தால் சீட்டில் அதைச் சொல்லியாக வேண்டும் என்றது. 1911-இல் அமெரிக்க வைத்திய சங்கம் வெளியிட்ட போலி மருந்துகளைப் பற்றிய புத்தகத்தில், வின்ஸ்லோ சர்பத்தைப் 'பிள்ளைக்கொல்லிகள்' என்ற வரிசையில் சேர்த்தார்கள். வெகு காலம் சுவரில் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் படத்துத் தாயின் பின்பக்கம் அன்றுதான் ஊரறியத் திருப்பப்பட்டது.

நாட்டிங்ஹாமுக்கு ஒரு பெருமையையும் சொல்லிவிடவேண்டும். அதே ஊரில், 1851-இல், வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் அபின் இல்லாத ஒரு பிள்ளை மருந்தைத் தயாரித்தார். சதுப்பு நிலக் காய்ச்சலுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்த மருந்து வயிற்றையும் அமர்த்துகிறது என்று வைத்தியர்கள் கண்டிருந்தார்கள். அதிலிருந்து பிறந்தது இது. 1876-இல் 'கிரைப் வாட்டர்' என்ற பெயரைப் பதிவு செய்தார். அதில் இருந்தவை சோடா உப்பு, சர்க்கரை, கொஞ்சம் சாராயச் சத்து, பிறகு ஒரு விதை எண்ணெய். அந்த விதை எது தெரியுமா? நம் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்களே, அந்தச் சதகுப்பைதான்! சாராயச் சத்து நூற்றுக்கு 3.6 பங்கு இருந்தது. 1990-களில் இங்கிலாந்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். அபினோடு பார்த்தால் இது சாது. ஆனால் இதனால்தான் கோலிக் தீருகிறது என்பதற்கும் உறுதியான அத்தாட்சி இல்லை. பனம்பழம் விழுகிற நேரத்தில் உட்கார்ந்த காக்கைகளில் இது நல்ல காக்கை, அவ்வளவுதான்.

இந்தப் புட்டி கடல் தாண்டி நம் தேசத்துக்கும் வந்தது. பின்னாளில் மத்திய நிதி மந்திரியாக இருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1928-இல் சென்னையில் தொடங்கிய வியாபார நிறுவனத்தின் பெயரோடு அது இங்கே வீட்டுப் பெயராகிவிட்டது. அதன் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள்: ஒரு குழந்தை இரண்டு கைகளிலும் பாம்பைப் பிடித்து நெரிக்கும். ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில ஓவியர் வரைந்த கிரேக்க வீரன் ஹெர்குலிஸின் குழந்தைப் பருவம் அது. நம் பாட்டிமாருக்கு ஹெர்குலிஸ் யார் என்று எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பாம்பை அடக்குகிற குழந்தை என்றால் அவர்களுக்கு ஒரே குழந்தைதான். காளிங்கன் தலையில் ஆடியவன்தான்.

அவன் படம் ஏற்கெனவே சுவரில் இருந்தது. 1894-இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சுக்கூடம் வைத்தார். பாஸ்டனில் பிராங் செய்ததைப் போலவே கல்லச்சில் வர்ணம் ஏற்றி லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் யசோதையின் கண்ணனையும் அச்சிட்டார். கோவிலுக்குள் விடப்படாதவன் குடிசையிலும் சாமி படம் வந்து உட்கார்ந்தது. அதைத் தொடர்ந்து வர்ண நாட்காட்டிகள் வந்தன. கடைக்காரர் பொங்கலுக்கு முன்னால் இனாமாகக் கொடுக்கிற நாட்காட்டிதான் எத்தனையோ வீடுகளில் ஒரே சுவர் அலங்காரம். எங்கள் வீட்டில் வருஷம் முடிந்தும் படத்தைக் கிழிக்க மாட்டார்கள். தேதித் தாளை எடுத்துவிட்டுக் கண்ணனை மட்டும் வைத்துக்கொள்வார்கள். கீழே கடையின் பெயர் சின்ன எழுத்தில் சாசுவதமாக நிற்கும்.

அபினும் நம் தேசத்துக்குப் புதிதல்ல. பம்பாய் ஆலைகளில் வேலை செய்த பெண்கள், ஒற்றை அறைச் சால்களில் பிள்ளைகளுக்கு அபின் மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு வேலைக்குப் போனதைத் தொழிலாளர் நிலையை விசாரித்த ராயல் கமிஷன் 1931-இல் எடுத்துச் சொன்னது. நாட்டிங்ஹாமில் ஊசி, பம்பாயில் தறி. நடுவில் ஏறக்குறைய தொண்ணூறு வருஷம். தொட்டிலில் இருந்த மௌனம் ஒன்றேதான். ஆனால் இங்கே ஒரு நல்ல விஷயமும் நடந்தது. ஆலையிலேயே பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கை பலத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்று விதித்தது. பிள்ளையை மயக்கவேண்டிய அவசியத்தை ஒரு சட்டம் ஓர் அறை கட்டிக் குறைத்தது. அந்த ஓர் அறையில் எத்தனை புட்டிகள் தோற்றுப்போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். 1986-இல் கனடா தேசத்து மாண்ட்ரியலில் ஹன்சிகர், பார் என்ற இருவர் ஒரு பரீட்சை செய்தார்கள். சாதாரணக் குழந்தைகளைத் தினமும் கூடுதலாகச் சில மணி நேரம் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், ஆறாவது வாரத்தில் அழுகை நூற்றுக்கு 43 பங்கு குறைகிறது என்று கண்டார்கள். பாட்டிமார் ஜெயித்தார்கள் என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் கோலிக் தொடங்கிவிட்ட பிள்ளைகளிடம் பின்னால் பரீட்சை செய்தபோது அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. உண்மை எப்போதும் இப்படிக் கொஞ்சம் உப்புக் குறைவாகத்தான் இருக்கும். நம் வீட்டு வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று அழகான பெயர் இருக்கிறது. அதைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவாத தாய் அந்தக் காலத்தில் இல்லை. இன்றைய குழந்தை வைத்தியர்கள் அதுவும் வேண்டாம் என்கிறார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் 2001-லிருந்து உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை.

அப்படியானால் அந்த மூன்று மணி நேரத்தை என்ன செய்வது? அதற்கு நம்மிடம் ஒன்று இருந்தது. அதை மருந்து என்று சொல்ல மாட்டேன். தாலாட்டுகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஓலைக் குடிசையில், உத்தரத்தில் பழம்புடவையைக் கட்டித் தூளியாக்கி ஆட்டுகிறவள் பாட்டில் எதைப் பற்றிப் பாடுகிறாள்? பொன்னாலே தொட்டில் என்கிறாள். முத்தாலே சரம் என்கிறாள். மாமன் கொண்டுவந்த பட்டு, அத்தை கொண்டுவந்த சங்கு என்று வீடு முழுவதையும் நிரப்புகிறாள். பெரியாழ்வாரும் யசோதையாக மாறிப் பாடியபோது, மாணிக்கமும் வயிரமும் கட்டிய பொன் தொட்டிலைப் பிரமன் அனுப்பினான் என்றுதான் தொடங்கினார். பிள்ளையைத் தூங்கவைப்பதும் வீட்டை அலங்கரிப்பதும் இங்கே ஒரே பாட்டாகிவிடுகிறது. அந்த அலங்காரத்துக்காக வேறொரு வீட்டுப் பிள்ளை மயங்கிக் கிடக்கவேண்டியதில்லை.

தாலாட்டுப் பாடினால் கோலிக் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. நிற்காது. நாட்டிங்ஹாம் பெண்ணுக்குப் பாடத் தெரியாமல் இல்லை. பாட நேரம் இருக்கவில்லை. பாடுகிறவளுக்கு இன்னொருத்தி சோறு வடித்துக் கொடுக்கவேண்டும். இன்னொருத்தி தூளிக்கயிற்றைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் வெளியில் போய் சம்பாதிக்கவேண்டும். அல்லது அவளே சம்பாதிப்பதானால் அவள் கூலி குறையாமல் இருக்கவேண்டும். பிள்ளை அழுகிற வீட்டுக்கு யாராவது போனால், கையில் புட்டியோ யோசனையோ கொண்டுபோகாமல், 'நீ போய் ஒரு மணி நேரம் படுத்துக்கொள் அம்மா' என்று சொன்னால் அதைவிடப் பெரிய வைத்தியம் எனக்குத் தெரியவில்லை. சுவருக்கு அப்பால் இருக்கிறவர்களும், தட்டுவதற்குப் பதிலாகக் கதவைத் திறந்துகொண்டு வரலாம்.

புதிதாகக் குடித்தனம் தொடங்குகிற பெண்கள் வீட்டை அழகாக வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் தவறே இல்லை. சகோதரிகள் இருவரும் சொன்ன யோசனைகளில் பாதி இன்றைக்கும் உபயோகப்படும். முறிந்த நாற்காலியைச் செப்பனிடலாம். புட்டியில் கொடி வளர்க்கலாம். ஆனால் பிள்ளை பிறந்த முதல் மூன்று மாதம் வீடு வீடாக இராது. கூடத்தின் நடுவே தூளி தொங்கும். கொடியில் ஈரத் துணி தொங்கும். பாத்திரம் இறைந்து கிடக்கும். சாயங்காலத்தில் அழுகை தெருவரைக்கும் கேட்கும். கேட்கட்டும். அந்த வீட்டில் எதுவும் கெட்டுப்போகவில்லை. நான்காவது மாதம் பிறந்ததும், ஒரு நல்ல நாள் பார்த்து, ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டிக்கொள்ளலாம்.